முதலிடம் எதற்கு?

கிறிஸ்தவ இல்லங்களிலும் ஆலயங்களிலும் பிள்ளைகளுக்கு அடிக்கடி கூறப்படும் அறிவுரை ஒன்றுண்டு. இறைவனுக்கு முதலிடம் கொடுக்க வேண்டும் என்பதே அது. உணவையும் உடையையும் பற்றிக் கவலையுற்றோருக்கு, முதலில் நாடத்தக்கது எதுவென இயேசு பெருமான் மலைப்பிரசங்கத்திலே எடுத்துரைத்தார். அவ்விடத்திலிருந்தே இவ்வறிவுரை பிறந்தது. சொல்வது எளிது. ஆனால், கேட்கும் பிள்ளைக்கு வயது பதினாறு. அப்பிள்ளை விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து படிக்கின்றது. ஏழரை மணிக்குப் பாடசாலை. பிற்பகல் இரண்டு மணிக்கு வீடு. உண்ட கையோடு மீண்டும் துவிச்சக்கரவண்டியில் ஏறி, ‘ரியூசன்’ என்று எல்லாரும் அழைக்கும் பிரத்தியேக வகுப்புக்குச் செல்கின்றது. இரவில் வீட்டுவேலை, அது முடிந்தபின், சில வேளைகளில் முடியுமுன்னரே, கைத்தொலைபேசி. இத்தகைய நாளொன்றில் முதலிடம் என்று எதை எடுத்துக் கொடுப்பது? பிள்ளை இக்கேள்வியை வாய்விட்டுக் கேட்பதில்லை. இதற்கு விடை இல்லையென்று தானே முடிவுசெய்து, தலையை அசைத்துவிட்டு அப்பாற் சென்றுவிடுகின்றது.

குழப்பத்துக்குக் காரணம், முதலிடம் என்ற சொல்லைப் பலரும் நேரக் கணக்காகப் பொருள்கொள்வதே. மணிக்கணக்கில் அளந்தால், ஏறத்தாழ எல்லா மனிதர் வாழ்விலும் முதலிடம் பெறுவது உறக்கமே ஆகும். துறவியர் பலர் வாழ்விலும் நிலை அதுதான். ஆகவே, அளவுகோல் நேரமாக இருக்க முடியாது.

ஒரு வீட்டில் நோயுற்ற தாயொருத்தி இருக்கின்றாள் என்று வைத்துக்கொள்வோம். அவளுக்கு மருந்து கொடுக்க இரண்டு நிமிடம் போதும். வீட்டிலுள்ளோர் நாள் முழுவதும் வேறு வேலைகளையே செய்கின்றனர். உழைக்கின்றனர், சமைக்கின்றனர், சிரிக்கவும் செய்கின்றனர். ஆயினும், மருந்து வேளை வந்தால் மற்றெல்லாம் விலகி நிற்கும். வெளியூர்ப் பயணம் அதற்கேற்ப ஒழுங்குசெய்யப்படும். விருந்தினரோடு பேசிக்கொண்டிருப்பவரும் இடையில் எழுந்து செல்வர். அவ்வீட்டில் முதலிடம் பெற்றிருப்பது எது என்று எவரும் விளக்க வேண்டியதில்லை. இரண்டு காரியங்கள் ஒன்றோடொன்று மோதும்போது எது வழிவிடுகின்றது, எது வழிவிடாமல் நிற்கின்றது என்பதைக்கொண்டே முதலிடத்தை அறிதல் வேண்டும். மோதல் இல்லாத நாள்களில் அது கண்ணுக்குத் தோன்றாது.

இலங்கைப் பாடசாலைகளிலே சமயம் ஒரு கட்டாய பாடம் என்பதை இங்கு நினைவுகூரலாம். கத்தோலிக்கப் பிள்ளை கத்தோலிக்க சமயத்தையும், ஏனைய சபைப் பிள்ளை கிறிஸ்தவ சமயத்தையும் கற்றுச் சாதாரண தரப் பரீட்சையில் விடையெழுதுகின்றது. பலர் அப்பாடத்தில் மிக உயர்ந்த சித்தி பெறுகின்றனர். நன்று. ஆனால், பத்துக் கட்டளைகளையும் வரிசை பிசகாமல் எழுதிய கை, அடுத்த நாள் கணித வினாத்தாளிற்கு விடை காண அயலவன் தாளை நோக்கி நகருமானால், அந்தச் சித்தியால் யாது பயன்? விசுவாசத்தைப் பாடமாக அறிதல் வேறு; அதற்கு இடங்கொடுத்தல் வேறு.

மோதல் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமையிலேயே வெளிப்படுகின்றது. இஃது இந்நாட்டுக்குப் புதிதன்று. 1966ஆம் ஆண்டு தை மாதம் முதல் 1971ஆம் ஆண்டு நடுப்பகுதிவரை இலங்கையில் ஞாயிறு வார விடுமுறையாக இருக்கவில்லை. சந்திரனின் நிலைகளுக்கேற்ப வரும் போயா தினங்களே வார விடுமுறை நாள்களாயின. ஞாயிறு போயா தினமாக அமைந்தாலொழிய, அன்று அலுவலகமும் பாடசாலையும் நடைபெற்றன. அக்காலத்துக் கிறிஸ்தவ மாணாக்கர் பாடசாலை மணி அடிக்குமுன்னரோ, அன்றேல் மாலையிலோதான் ஆலயம் செல்ல முடிந்தது. வெள்ளைச் சீருடையோடு காலைப் பூசை கண்டு, அங்கிருந்தே புத்தகப் பையோடு வகுப்புக்குச் செல்லவேண்டிய நாள்கள் அவை. சட்டம் விடுமுறையை எடுத்துக்கொண்டது, வழிபாட்டை எடுத்துக்கொள்ளவில்லை. முன்னர் ஊரே ஓய்ந்திருந்தமையால் இயல்பாக நிகழ்ந்தது, அந்த ஐந்தாண்டுக்கு மேற்பட்ட காலத்தில் ஒவ்வொருவரும் தாமே தெரிந்துசெய்யும் காரியமாயிற்று.

மிக அண்மைக் காலத்தில் ஞாயிறு வேறொரு வகையிலும் சோதனைக்குள்ளானது. 2019ஆம் ஆண்டு ஏப்பிரல் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, கொழும்புக் கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயமும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிய புனித செபஸ்தியார் ஆலயமும், மட்டக்களப்புச் சீயோன் தேவாலயமும் குண்டுத் தாக்குதலுக்கு இலக்காயின. சீயோன் தேவாலயத்தில் உயிரிழந்தோருட் பலர் ஞாயிறு பாடசாலைக்கு வந்திருந்த சிறுவர். அதன்பின் சில வாரங்கள் கத்தோலிக்க ஆலயங்களில் ஞாயிறு திருப்பலிகள் நிறுத்தப்பட்டிருந்தன. கதவுகள் மீண்டும் திறந்தபோது, பிள்ளையை அனுப்புவதா வேண்டாமா என்று கலங்காத பெற்றோர் இல்லை. அந்நாள்களில் வீட்டிலிருந்தே செபித்த பிள்ளையை விசுவாசம் குறைந்தது என்று எவரும் கூறத் துணியார். அச்சம் மறுதலிப்பு ஆகாது. முதலிடம் பற்றிப் பேசுவோர் இதனை மறந்து, பிள்ளைகளின் தோளில் வீரத்தைச் சுமத்திவிடலாகாது.

இன்று ஞாயிறு விடுமுறை நாளே. எனினும், அன்று காலையிற் பிரத்தியேக வகுப்பு நடைபெறுகின்றது. சாதாரண தரமும் உயர்தரமும் ஒரு குடும்பத்தின் எதிர்காலத்தையே தீர்மானிக்கும் நாட்டில், வகுப்பைத் தவறவிடு என்று பிள்ளைக்குச் சொல்வது இலகுவானதன்று. அவ்வாறு சொல்பவர், அந்தப் பிள்ளையின் தகப்பனார் கட்டிய மாதப் பணத்தையும் சற்று எண்ணிப்பார்க்க வேண்டும். இந்நிலையில் பழைய ஏற்பாட்டிலுள்ள தானியேலின் வரலாறு பெரிதும் உதவுவதாகும்.

தானியேலும் அவனுடைய தோழர் மூவரும் யூதேயாவிலிருந்து பாபிலோனுக்குக் கொண்டுசெல்லப்பட்ட இளைஞர். அரச சேவைக்கென மூன்றாண்டு பயிற்சி பெறுமாறு அவர்கள் தெரிந்தெடுக்கப்பட்டனர். அந்நாட்டு மொழியைக் கற்றனர், நூல்களையும் கற்றனர், தமக்கு இடப்பட்ட அந்நியப் பெயர்களையும் தாங்கிக்கொண்டனர். இவற்றுள் ஒன்றையும் அவர்கள் எதிர்த்ததாக நூல் கூறவில்லை. கல்வியிலோ மற்றெல்லாரையும் விஞ்சி நின்றனர். அரசனின் பந்திக்குரிய உணவும் திராட்சை இரசமும் வந்தபோதே தானியேல் இது தன்னால் இயலாது என்று கண்டான். அப்போதும் அவன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து ஆரவாரம் செய்யவில்லை. பொறுப்பதிகாரியிடம் பணிவாகக் கேட்டான். அவர் தமது தலைக்கு ஆபத்து வரும் என்று அஞ்சியபோது அவ்வச்சத்தையும் மதித்தான். தங்களுக்குக் காய்கறியும் நீருமே தந்து பத்து நாள் சோதித்துப் பார்க்குமாறும், அதன்பின் தங்கள் முகத்தைக் கண்டு தீர்மானிக்குமாறும் தங்களைக் கவனித்த மேற்பார்வையாளனிடம் ஓர் ஏற்பாட்டை முன்வைத்தான். எதை ஏற்கலாம், எதை ஏற்கலாகாது என்று முதலில் தன்னுள்ளே பிரித்தறிந்தமையும், ஏற்க இயலாததைப் பிறருக்கு இடர் விளையாதவாறு கேட்டுப் பெற்றமையும் இங்கே கவனிக்கத்தக்கவை. ஞாயிறு வகுப்பைப் பற்றி ஆசிரியரிடம் சென்று, அதே பாடத்தை வேறொரு நாளிற் கற்க வழியுண்டா என்று மரியாதையாகக் கேட்கும் மாணவி தானியேலின் வழியிலேயே செல்கின்றாள். பல இடங்களில் அதே வகுப்பு வாரத்தில் இன்னொரு முறையும் நடைபெறுகின்றது. கேட்காமையாலேயே பலர் அதனை அறிவதில்லை.

ஞாயிறு என்றதும் கிறிஸ்தவ உலகில் நினைக்கப்படும் மற்றொரு பெயர் எரிக் லிடெல் என்பது. ஸ்கொத்லாந்து நாட்டு மிசனரிமாரின் மகனாக 1902ஆம் ஆண்டு சீனாவின் தியென்சின் நகரிற் பிறந்தவர். எடின்பரோ பல்கலைக்கழகத்திற் கற்றவர். பிரித்தானியாவின் மிக விரைவான ஓட்டக்காரருள் ஒருவர். 1924ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் விழாவில் 100 மீற்றர் ஓட்டத்தின் ஆரம்பச் சுற்றுகள் யூலை 6ஆம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை, நடைபெறுவனவாக அமைந்தன. அவர் ஓட மறுத்தார். ஞாயிறன்று நடைபெறவிருந்த அஞ்சலோட்டங்களிலிருந்தும் விலகினார். 1981ஆம் ஆண்டு வெளிவந்த புகழ்பெற்ற திரைப்படமொன்று, கப்பலேறும் வேளையிலேயே அவர் இச்செய்தியை அறிந்து திடுக்கிட்டதாகக் காட்டுகின்றது. உண்மை அதுவன்று. நேர அட்டவணையை அவர் பல மாதங்களுக்கு முன்னரே அறிந்திருந்தார். அமைதியாக முடிவெடுத்து, எஞ்சிய காலத்தை 400 மீற்றர் ஓட்டப் பயிற்சிக்குச் செலவிட்டார். 200 மீற்றரில் வெண்கலப் பதக்கம் பெற்றார். யூலை 11ஆம் நாள் 400 மீற்றரை 47.6 செக்கனில் ஓடித் தங்கப் பதக்கம் வென்றார்.

திரைப்படத்தின் கற்பனையைவிட இவ்வுண்மையே இளைஞருக்குப் பயன்படும். முதலிடம் என்பது நெருக்கடி வந்த கணத்திற் கொதித்தெழும் உணர்ச்சி அன்று. நெருக்கடிக்கு வெகுநாள் முன்னரே தீர்க்கப்பட்டுவிடும் காரியம். பரீட்சை மண்டபத்தில் நண்பன் தாளை நீட்டும்போதுதான் நேர்மையைப் பற்றி யோசிக்கத் தொடங்கும் மாணவன் பெரும்பாலும் தோற்றுவிடுவான். அவனுக்கு யோசிக்க அங்கே நேரமில்லை.

தங்கப் பதக்கத்தோடு கதையை நிறுத்திவிடுவதே பிரசங்கிமாரின் வழக்கம். இறைவனைக் கனம்பண்ணியவன் வென்றான் என்று முடித்துவிட்டால் கேட்போருக்கு மகிழ்ச்சி உண்டாகும். ஆனால், அது முழுக் கதையன்று. ஞாயிற்றுக்கிழமை ஓடுதல் தகாது என்பதில் எல்லாக் கிறிஸ்தவரும் ஒத்த கருத்தினர் அல்லர். கொள்கைக்காக விட்டுக்கொடுத்தவர் எல்லாரும் பதக்கம் பெறுவதுமில்லை. லிடெல் வாழ்வின் பிற்பகுதியே இங்கு அதிகம் பேசுகின்றது.

அவர் 1925ஆம் ஆண்டு சீனாவுக்குத் திரும்பித் தியென்சினில் ஆசிரியரானார். யுத்தம் மூண்டது. 1941ஆம் ஆண்டு மனைவியையும் இரு பெண்மக்களையும் கனடாவுக்கு அனுப்பிவைத்தார்; அதன்பின் பிறந்த மூன்றாம் மகளை அவர் கண்டதேயில்லை. 1943ஆம் ஆண்டு யப்பானியப் படையினர் அவரையும் ஏனைய அந்நிய நாட்டவரையும் சாண்டோங் மாகாணத்து வெய்சியன் முகாமில் அடைத்தனர். மதிலுக்குள் ஏறத்தாழ 1,500 பேர். சீபூ என்னும் இடத்திலிருந்த மிசனரிப் பாடசாலையின் பிள்ளைகளும் ஆசிரியரோடு அங்கே கொண்டுவரப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் தாய் தந்தையரைப் பிரிந்தவர்கள். லிடெல் அவர்களுக்கு விஞ்ஞானம் கற்பித்தார். ஆய்வுகூடம் இல்லாமையால் கருவிகளைத் தாளில் வரைந்து காட்டினார். முறிந்த ஹொக்கித் தடிகளைக் கட்டிச் சீர்செய்து கொடுத்தார். நாடோறும் அதிகாலையில், பிறர் எழுமுன், சிறு எண்ணெய் விளக்கின் ஒளியில் வேதத்தை வாசித்துச் செபித்தார். இவையாவும் ஓய்வான மனிதர் ஒருவர் செய்தவையல்ல.

முகாமில் விளையாட்டுகளை ஒழுங்குசெய்தவரும் அவரே. ஆனால், ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுக்கு அவர் வருவதில்லை. ஒரு ஞாயிறன்று இளைஞர் தாமாகவே ஹொக்கி ஆடத் தொடங்கினர். நடுவர் இல்லாமையால் ஆட்டம் சண்டையில் முடிந்தது. அடுத்த ஞாயிறு லிடெல் மைதானத்துக்கு வந்தார், நடுவராக நின்றார். உலகமே பார்த்திருக்க, தங்கப் பதக்கத்துக்காகவும் விட்டுக்கொடாத ஞாயிற்றை, தாய் தந்தையரைக் காணாது தவித்த பிள்ளைகள் அடித்துக்கொள்ளாதிருத்தற்பொருட்டு விட்டுக்கொடுத்தார்.

இவ்விரண்டு செயல்களும் ஒன்றுக்கொன்று முரணானவை என்று மேலோட்டமாகப் பார்ப்போர் கூறலாம். உண்மையில் முதலிடத்தில் இருந்தது இரண்டு வேளையிலும் ஒன்றே. பாரிஸில் விலகி நின்றது அவருடைய சொந்தப் புகழ். வெய்சியனில் விலகி நின்றது அவருடைய சொந்த ஒழுங்கு. இறைவன் தம்மிடம் எதைக் கேட்கின்றார் என்பதே இரு இடத்திலும் அவரை நடத்திற்று. விதியைக் காத்தலே விசுவாசம் என்று கருதும் கண்டிப்பான பிள்ளைகளும் நம்மிடையே உண்டு. தம் ஒழுங்கைப் பேணுவதற்காக வீட்டில் தாய்க்கு உதவாமல், செபக்கூட்டத்துக்கு ஓடிவிடுவர். அவர்கள் அந்த ஹொக்கி மைதானத்தை நினைத்துக்கொள்வது நலம்.

முகாமிலிருந்த இளைஞருள் ஒருவர் ஸ்டீபன் மெற்காஃப். தம் காவலரான யப்பானியரை நேசித்தல் நடக்கக்கூடியதா என்பது அம்முகாமில் இளைஞரைக் குடைந்த கேள்வி. மலைப்பிரசங்கத்தைக் கற்பிக்கும்போது, துன்புறுத்துவோருக்காகச் செபிக்குமாறு லிடெல் அவர்களைத் தூண்டினார். நேசிப்பது உடனே கைகூடாது. செபிப்பது இன்றே தொடங்கக்கூடியது. மெற்காஃப் செபிக்கத் தொடங்கினார். 1945ஆம் ஆண்டின் கடுங்குளிரில், தாம் மறைவதற்குச் சில வாரங்களுக்கு முன், லிடெல் தமது தேய்ந்த ஓட்டச் சப்பாத்துகளை அவ்விளைஞருக்குக் கொடுத்தார். அவ்வாண்டு பெப்ரவரி 21ஆம் நாள் மூளைக் கட்டியினால் லிடெல் காலமானார். அப்போது அவருக்கு வயது 43. மெற்காஃப் 1952ஆம் ஆண்டு யப்பானுக்கு மிசனரியாகச் சென்று அங்கே பல்லாண்டு வாழ்ந்தார். பதினேழு வயதிற் சிறுவன் ஒருவன் நாள்தோறும் செய்த சிறு செபத்துக்கு இருந்த வலிமையை அளவிட எந்தப் பரீட்சையும் இல்லை.

யாழ்ப்பாணத்திலோ மன்னாரிலோ மட்டக்களப்பிலோ மலையகத்திலோ வாழும் பிள்ளைக்கு முகாமும் இல்லை, ஒலிம்பிக் விழாவும் இல்லை. அதற்கு வாய்ப்பவை சிறிய மோதல்களே. கண்விழித்ததும் கை எதனை நாடுகின்றது? கைத்தொலைபேசியைத் தொடுமுன் ஐந்து நிமிடம் செபிப்பது பெரிய தவமன்று. ஆனால், ஒவ்வொரு நாளும் அந்த ஐந்து நிமிடத்துக்காகவே ஒரு சிறு போராட்டம் நிகழ்கின்றது. வகுப்புத் தோழர் குழுவொன்றில் இல்லாத ஒருத்தியைப் பற்றி அவதூறான செய்தி வருகின்றது. அதனை மேலும் நால்வருக்கு அனுப்புவதா, தன்னோடு நிறுத்திவிடுவதா? பாடசாலைக்கு வராத நாளுக்குக் காய்ச்சல் என்று கடிதம் எழுதுமாறு தாயைக் கேட்பதா? உணவு வேளையில் எவரும் சேர்த்துக்கொள்ளாத புதிய மாணவன் அருகில் அமர்வதா? இவை எவற்றிலும் இறைவனின் பெயர் எழுதப்பட்டிருப்பதில்லை. அதனாலேயே இவை பலருக்குச் சமயத்தோடு தொடர்பற்றனவாகத் தோன்றுகின்றன.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இந்நாட்டில் கிறிஸ்தவர் நூற்றுக்கு எட்டுப் பேருக்கும் குறைவே. வகுப்பறையில் கிறிஸ்தவப் பிள்ளையைச் சூழ்ந்திருப்போர் பல இடங்களிற் சைவரும் முஸ்லிம்களும் பௌத்தருமே. தன் விசுவாசத்துக்கு முதலிடம் கொடுத்தல் தோழரின் சமயத்தைத் தாழ்த்தலாகாது. வெள்ளிக்கிழமை தவறாமற் கோயிலுக்குச் செல்லும் தோழி, தன் சமயத்தை மதிக்கும் கிறிஸ்தவத் தோழியையே மதிப்பாள். வழிபாட்டை விளையாட்டாகக் கருதுபவளை மதிக்க அவளுக்கும் காரணம் இராது.

படிப்பைப் புறக்கணித்துவிட்டுச் செபத்தைக் காரணங்காட்டும் பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல் போதும். தானியேல் வகுப்பிற் சிறந்து நின்றான்.

பெற்றோரைப் பற்றியும் கூறாமல் விடுதல் நேர்மையாகாது. பதினான்கு வயதுவரை பிள்ளையை ஞாயிறு பாடசாலைக்கு ஒழுங்காக அனுப்பிவிட்டு, பரீட்சை வருகின்றதென்று இரண்டு ஆண்டுகளுக்கு எல்லாவற்றையும் நிறுத்திவைப்போர் பலர். சித்திபெற்றபின் மீண்டும் தொடங்கலாம் என்பது அவர்கள் எண்ணம். சாதாரண தரம் முடிந்தால் உயர்தரம், உயர்தரம் முடிந்தால் பல்கலைக்கழக அனுமதி, அதன்பின் தொழில். பிள்ளை இருபத்தைந்து வயதில் ஆலயத்தை மறந்துவிட்டது என்று முறையிடும் அதே பெற்றோரே, மோதல் வரும்போது எது வழிவிட வேண்டும் என்பதைப் பதினைந்து வயதில் அதற்குக் கற்பித்தவர்கள். பிள்ளை பாடத்தை நன்றாகவே கற்றுக்கொண்டது. ஆலயங்களின் பங்கும் சிறிதன்று. பரீட்சைக் காலத்திலும் இளைஞரை மணிக்கணக்கில் ஒத்திகைக்கும் கூட்டத்துக்கும் அழைத்து, வராதவரைப் பெயர் சொல்லிக் குறைகூறும் சபையினர், விசுவாசத்தைப் பிள்ளையின் மற்றொரு சுமையாக்கிவிடுகின்றனர்.

ஞாயிறு வகுப்பின் நேரத்தை மாற்றித்தருமாறு கேட்கவேண்டிய கடமையைப் பதினாறு வயதுப் பிள்ளையிடம் தனியே விடாமல், தகப்பனாரோ தாயாரோ உடன்சென்று ஆசிரியரோடு பேசலாம். ஒரே வகுப்பிற் கற்கும் பிள்ளைகளின் பெற்றோர் நால்வர் ஐவர் சேர்ந்து சென்றால் ஆசிரியர் கேட்காமல் விடுவது அரிது. அவருக்கும் மாணாக்கர் வேண்டும். மாற்ற முடியாதென்று அவர் கூறினால், காலை ஆறு மணிப் பூசையோ மாலை ஆராதனையோ எங்கே உண்டு என்று பார்த்து, வீட்டார் அனைவரும் பிள்ளையோடு அவ்வேளைக்கே செல்லலாம்.